14. மாமியின் பெயரில் ஓர் இரவு

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி. போன கிழமையிலிருந்து சுபத்திராவின் தலைக்குள் இந்த ஒரு நேரந்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளாங்குளத்தில் வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிகிறார்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் தனியே கிடக்கிற அவளுடைய அப்பா கனகரத்தினம், யாரோ ஒருவருடைய போனை இரவல் வாங்கிச் சொல்லியிருந்தார்.

"நேரிலே வந்து கையெழுத்து வைக்கோணும் பிள்ளை. மருமகனும் வந்தால் உங்களுக்கெண்டு தனி வீடு. நீ மட்டும் வந்தால் என்ர குடும்ப அட்டையிலே கலியாணம் கட்டாத பிள்ளை எண்டு போடுவினமாம். வராட்டி அதுவுமில்லை. வெள்ளி ரெண்டு மணியோடை சரி."

கலியாணம் கட்டாத பிள்ளை. அப்பாவின் வாயால் அதைக் கேட்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்பாதான் கட்டிவைத்தவர். இரண்டு வருசத்துக்கு முன், இயக்கம் சண்டைக்கு ஆள் பிடிக்கிற காலத்தில், கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை வந்தது. பாதை பூட்டினதால் ஊருக்குத் திரும்ப முடியாமல் வெள்ளாங்குளம் கரையில் படகுத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த றெனால்டையும் அவளையும் ஒரு பிள்ளையார் கோயிலில் நிறுத்தி, பத்து நிமிசத்தில் தாலியைக் கட்டவைத்துவிட்டார். பதிவுக்காரர் இல்லை. பாதிரியார் இல்லை. அந்தத் தாலியும் பிறகு முகாமில் ஒரு பால்மாப் பெட்டியாக மாறிவிட்டது.

இப்போது ஓலைத்தொடுவாயில், புருசன் வீட்டில், ஐந்து மாதம். சோறு தருகிறார்கள். பாய் தருகிறார்கள். பெயர் மட்டும் எந்தக் கடதாசியிலும் இல்லை.

"வியாழன் பின்னேரம் வந்திடுவன்," என்று திங்கட்கிழமை தகப்பனோடு மடு மாதா கோயிலுக்கு நடக்க வெளிக்கிடும்போது றெனால்ட் சொல்லியிருந்தான். "வெள்ளி விடியப் பஸ். ரெண்டு பேரும் போய்க் கையெழுத்து வைப்பம். யோசிக்காதை."

இன்றைக்கு வியாழன்.

*

ஆவணித் திருவிழாவுக்கு ஊர் முழுக்க மடுவுக்குப் போய்விட்டது. ஓலைத்தொடுவாயில் நாய்களும் முழங்கால் வருத்தக்காரரும்தான் மிச்சம். தென்மேற்குக் கச்சான் காற்று மணலைக் கிளப்பி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கடல் கலங்கிக் கிடந்ததால் தொழிலும் இல்லை.

முழங்கால் வருத்தக்காரரில் ஒருவர் றெனால்டின் தாய், மாமி பிரான்சிஸ்கா. சனிக்கிழமை மகள் ஜெயனியோடு பஸ்ஸில் மடுவுக்குப் போவதாக இருந்தார். அதற்காகப் புதன்கிழமையே பங்குக் கோயிலில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, அன்றிலிருந்து புதிதாய்ப் பாவம் சேராமல் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தார். ஆட்டைக்கூட ஏசவில்லை.

சுபத்திரா பின்வளவில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நெல்லு வயலில் வளர்ந்த கை. முதல் மாதம் மீன்முள் ஏறி விரலெல்லாம் சீழ் பிடித்தது. இப்போது தோல் தடித்துவிட்டது.

மூன்றரைப் பஸ்ஸின் சத்தம் கேட்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படலை வரைக்கும் போனாள். ஒரு மனுசியும் ஒரு மா மூட்டையும் இறங்கின.

"மச்சாள், ஆறரைக்கும் ஒரு பஸ் இருக்கு," என்றாள் ஜெயனி, கதிரையில் காலைத் தூக்கிப் போட்டபடி. பதினாறு வயது. மார்கழியில் ஓ.எல். பரீட்சை. மடியில் கொப்பி.

"எனக்குத் தெரியாதே?"

"தெரியும். சும்மா சொன்னனான்." கொப்பியைத் தட்டினாள். "தில்லைநாதன் சேர் லீவுக்குத் தந்த வேலை இண்டைக்குத்தான். எரிநட்சத்திரம் விழுறதை எண்ணோணும். பன்னிரண்டு மணிக்குப் பிறகு விடியுமட்டும், பத்துப் பத்து நிமிசமா எழுதோணுமாம்."

"நீ பத்து மணிக்கு மேலே கண் முழிக்கமாட்டாய் எண்டு சேருக்குச் சொல்லன்."

"அதுக்குத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்."

வளவுக்குள்ளிருந்து பார்க்க முடியாது. கரையில் ஆமி காவல் நிற்கிற சென்றியின் பெரிய லைட் முற்றம் வரைக்கும் வெள்ளையடித்து வைத்திருந்தது. கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு மறைவில் போனால் இருட்டு. ஆனால் இரவில் கரையில் இருப்பதென்றால் சென்றியில் பின்னேரமே பெயர் கொடுக்க வேண்டும். பெயர், வயசு, அடையாள அட்டை நம்பர், வீட்டுக்காரருக்கு என்ன முறை. கடதாசியில் நாலு பெட்டி.

"நான் போய்க் குடுத்திட்டு வாறன்," என்றாள் சுபத்திரா.

"நீ கருவாட்டைப் பார் பிள்ளை." பிரான்சிஸ்கா ஏற்கனவே செருப்பைப் போட்டிருந்தார். "நான் குடுக்கிறன்."

"காலோடை எப்பிடி மாமி?"

"நடந்தால்தான் கால். ஜெயனி, பேனையைத் தா."

மனுசி நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்தபோது சுபத்திராவுக்கு மனம் இளகியது. கெட்ட மனுசியில்லை. விரலில் சீழ் வைத்தபோது மஞ்சள் அரைத்துக் கட்டிவிட்டவர் அவர்தான். "ஞானஸ்நானம் எடு, கோயிலிலே கட்டு, பிறகு பார், ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு திரிவன்," என்று நேருக்கு நேர் சொன்னவர். சுபத்திராவும் ஓம் என்றவள்தான். பாதிரியார் மறைக்கல்வி வகுப்புக்கு இருவரும் வரவேண்டும் என்றார். மூன்று ஞாயிறு அவள் மட்டும் போனாள். றெனால்டுக்கு ஒரு ஞாயிறு வலை, ஒரு ஞாயிறு தலையிடி, ஒரு ஞாயிறு ஒன்றுமேயில்லை. நாலாவது ஞாயிறு அவளும் போகவில்லை.

ஆறரைப் பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை.

அவனுடைய போன் ஓஃப். மடுக் காட்டில் எங்கே சார்ஜ் போடுவது என்று அவளே அவனுக்காக ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அப்படிக் காரணம் சொல்லிப் பழகிவிட்டது.

*

பதினொன்றரைக்குப் பாயும் தேத்தண்ணிப் போத்தலுமாக இருவரும் கரைக்குப் போனார்கள். கவிழ்த்த பைபர் படகொன்றின் மறைவில் பாயைப் போட்டதும் காற்றும் நின்றது, சென்றி வெளிச்சமும் நின்றது. மேலே வானம் முழுக்கச் சொரிந்து கிடந்தது.

ஜெயனி கையை நீட்டினாள். "வடகிழக்கு. அங்கையிருந்துதான் வருமாம். ஒரு வால்வெள்ளி போகேக்கை விட்ட தூசு. அதுக்குள்ளாலை பூமி போகுது. தூசு எரியுது. அவ்வளவுதான்."

"மல்லாந்து படுத்தால் கழுத்து நோகாது."

"நீங்கள் முதலே படுத்திட்டீங்கள்."

வானத்தில் வெளிச்சம் வந்தால் படுத்துக்கொள்வது அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய காரியமில்லை. ஷெல் விழுந்த காலத்தில் பழகினது.

முதலாவது பன்னிரண்டு கழிந்து நாலாம் நிமிசம். மெல்லிய கீறல். நெருப்புக்குச்சி உரசி அணைந்த மாதிரி.

"லாபம்," என்றாள் சுபத்திரா.

"என்னது?"

"எண்ணச் சொன்னாயல்லோ? எங்கடை பக்கம் நெல் அளக்கேக்கை முதல் மரைக்காலை ஒண்டெண்டு சொல்லமாட்டினம். லாபம், ரெண்டு, மூண்டு. வாய் தானாகச் சொல்லிப்போட்டுது."

ஜெயனி விழுந்து விழுந்து சிரித்தாள். "சேர் கேட்டால் என்ன சொல்ல? லாபம் பன்னிரண்டு நாலுக்கு விழுந்ததெண்டோ?"

"ஒண்டெண்டே போடு."

"இல்லை, லாபமெண்டுதான் எழுதுறன். மனுசன் மண்டையைப் பிய்க்கட்டும்."

ரெண்டு. மூண்டு. வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலும் ஐந்தும் ஒரே மூச்சில்.

"மச்சாள்."

"ம்."

"அண்ணா இனி வருவாரோ?"

"வருவார். வான் ஏதும் பிடிச்சு வருவார்."

"நீங்கள் நாளைக்கு வெள்ளாங்குளம் போனால் திரும்பி வருவீங்களோ?"

சுபத்திரா வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். "உன்ர அண்ணனோடை போனால் திரும்பி வரலாம்."

"தனியப் போனால்?"

"தேத்தண்ணியைக் குடி. ஆறப்போகுது."

ஒரு மணிக்கு ஜெயனி கொப்பியைச் சுபத்திராவின் வயிற்றில் வைத்துவிட்டு, "அஞ்சே அஞ்சு நிமிசம்," என்று திரும்பிப் படுத்தாள். பிறகு குறட்டை.

இனிச் சுபத்திராதான் எண்ண வேண்டும்.

பன்னிரண்டு. பதின்மூன்று. போன் வெளிச்சத்தில் கோடு போட்டுக்கொண்டு போனாள். வயலில் கதிர்க்கட்டு எண்ணிய கைக்கு இது ஒரு வேலையா? கண்ணை மேலே வைத்திருந்தால் போதும். ஆனால் காது கீழே, ரோட்டில் கிடந்தது. ஒன்று நாற்பதுக்குப் பேசாலைப் பக்கமிருந்து ஒரு வாகனத்தின் இரைச்சல் கேட்டது. எழுந்து நின்றாள். படகுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். லைட் வந்தது, வீட்டுப் படலையைத் தாண்டியது, போய்விட்டது. திரும்பி வந்து படுத்தபோது பத்து நிமிசம் கழிந்திருந்தது. அந்தப் பத்து நிமிசத்தில் எத்தனை விழுந்ததென்று தெரியாது. பொய்யாக ஒரு எண்ணைப் போட மனம் வரவில்லை. "1.40 - 1.50 பார்க்கவில்லை" என்று எழுதினாள்.

மூன்று மணிக்குள் இன்னும் நாலு இடத்தில் அப்படி எழுத வேண்டி வந்தது. ஒரு மோட்டார் சைக்கிள். தண்ணி பவுசர் ஒன்று. நாய் குரைத்தது இரண்டு தரம்.

இரண்டே கால் இருக்கும். வடகிழக்கில் ஒன்று கிளம்பியது. மற்றவை மாதிரிக் கீறிவிட்டு அணையவில்லை. பச்சை நிறத்தில் வானத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்கு மேலே போய் வெடித்தது. மணலில் அவளுடைய கையின் நிழல் விழுந்து மறைந்தது. அது போன வழியில் ஒரு புகைக்கோடு தொங்கியது, மெல்ல வளைந்தது.

"பார்த்தியா?" என்று திரும்பினாள்.

ஜெயனி வாயைத் திறந்தபடி நித்திரை. மற்றப் பக்கம் வெறும் படகு.

கோடு கரைந்து முடியும் வரைக்கும் பார்த்தாள். பிறகு கொப்பியை எடுத்து இருபத்தாறு என்று எழுதினாள். மற்றவைக்குப் போட்ட அளவு கோடுதான் அதற்கும் போட இடமிருந்தது.

*

மூன்று மணிக்கு ரோச் லைட் முகத்தில் விழுந்தது. சென்றியிலிருந்து இரண்டு பேர். ஒருவன் சின்னப் பெடியன், கையில் கடதாசி. அவனுக்குத் தெரிந்த தமிழில் வாசித்தான்.

"எட்வேட் ஜெயனி."

ஜெயனி அரை நித்திரையில் எழும்பிக் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் டாப்பு வாசித்துப் பெயர் கூப்பிட்ட மாதிரி.

"எட்வேட் பிரான்சிஸ்கா."

அலைச்சத்தம் மட்டும் கேட்டது.

"எட்வேட் பிரான்சிஸ்கா," என்றான் மறுபடி. லைட் சுபத்திராவின் முகத்தில் நின்றது. "வயசு அம்பத்தி மூணு."

அவளுக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. கடதாசியில் அவள் இல்லை. மாமி தன்னுடைய பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரில் அவளைக் கரைக்கு அனுப்பியிருக்கிறார்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் பெடியன் போய்விடக்கூடும். அவனுக்கும் நித்திரை.

"நான் பிரான்சிஸ்கா இல்லை," என்றாள். "சுபத்திரா. கனகரத்தினம் சுபத்திரா."

"அது எங்கடை அம்மாவின்ர பேர்!" என்றாள் ஜெயனி, இப்போதுதான் முழித்தவள் போல. "அம்மா மாறி எழுதிப்போட்டா சேர்..."

பெடியன் அடையாள அட்டையைக் கேட்டான். வெள்ளாங்குளம் விலாசம். மற்றவனுக்குக் காட்டினான். இருவரும் சிங்களத்தில் ஏதோ பேசினார்கள். பிறகு ஜெயனியைப் பார்த்து, "அம்மா கூட்டிட்டு வா," என்றான். சுபத்திராவைப் பார்த்து, "நீங்க வாங்க."

சென்றிக்கு முன்னால் அவளை ஒரு வாங்கில் இருத்தினார்கள். யாரும் ஏசவில்லை, அதட்டவில்லை. ஒருவன் தண்ணிகூடக் கொடுத்தான். ஆனால் அட்டை உள்ளே மேசையில் இருந்தது. அது கைக்கு வராமல் வெள்ளாங்குளத்தில் கையெழுத்து வைக்க முடியாது. அவள் அந்தப் பெரிய லைட்டுக்குக் கீழே இருந்து மேலே பார்த்தாள். ஒரு நட்சத்திரமும் இல்லை. விழுந்துகொண்டுதான் இருக்கும்.

நாலரைக்கு மாமி வந்தார், ஜெயனியின் தோளைப் பிடித்துக்கொண்டு. தலை கலைந்திருந்தது. சுபத்திராவின் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே இருந்த வயதான பொறுப்பதிகாரி பதிவுப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். தமிழ் நன்றாக வந்தது அவருக்கு.

"இவங்க யாரு அம்மா உங்களுக்கு?"

பிரான்சிஸ்கா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"சொந்தமா? வேலைக்கு நிக்கிறவங்களா? சொன்னா எழுதிட்டு விடுவேன். தெரியாதவங்கன்னா காலமை மேலே அனுப்பணும். பின்னேரம் ஆகும்."

பின்னேரம் ஆகும். சுபத்திரா வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மருமகள்," என்றார் பிரான்சிஸ்கா.

"மகன்ட பொஞ்சாதி?"

"ஓம்."

"எழுதி ஒப்பம் வைங்க."

மாமி குனிந்து எழுதினார். ம, ரு, ம, க, ள். பெரிய எழுத்து, சின்னப் பிள்ளை எழுதின மாதிரி. ஐந்து மாதமாக இந்த வீட்டில் யாரும் எழுதாத சொல். அதைப் பார்த்தால் அழுகை வரும் என்று சுபத்திரா நினைத்திருந்தாள். வரவில்லை. அட்டையை வாங்கிச் சட்டைக்குள் வைத்தாள்.

*

கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. ஜெயனி வீட்டுப் போனைப் பார்க்க ஓடிவிட்டாள். மாமியின் நடைக்கு ஏற்றபடி சுபத்திரா மெல்ல நடந்தாள்.

"ஏன் மாமி உங்கடை பேரை எழுதினனீங்கள்?"

"முறை எண்டொரு பெட்டி இருந்தது பிள்ளை. அதிலே என்னத்தை எழுதுறது? வேலைக்காரியெண்டு எழுத மனம் வரேல்லை. மற்றதை எழுதினால் பொய். பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு நிக்கிறன்." மூச்சு வாங்கினார். "என்ர பேரை எழுதினது பொய்யில்லை. நானும் வாறதெண்டுதான் நினைச்சனான். கால் விடேல்லை."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். பின்னேரம் முழுக்க யோசித்துக் கண்டுபிடித்த வழி.

"இப்ப எழுதினீங்கள்தானே."

"ஓம்." மாமி நின்றார். முழங்காலைத் தடவினார். "இனி மடுவிலே திரும்பவும் பாவசங்கீர்த்தனத்துக்கு நிக்கோணும். சரியான சனமாயிருக்கும்."

சுபத்திராவும் நின்றாள்.

"என்னை மருமகள் எண்டதுக்கோ?"

பிரான்சிஸ்கா அவளுடைய கையைப் பிடித்தார். மெல்லத்தான் பிடித்தார், குரலும் மெல்லத்தான் வந்தது. "கோவிக்காதை பிள்ளை. உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னனான். ஆனால் பொய் பொய்தானே?"

கையை அவள் உதறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டாள். கருவாட்டை வெயில் ஏறமுதல் புரட்ட வேணும் என்று சொன்னாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

"எங்கை போறாய்? உடுப்புக்கூட மாத்தேல்லை! றெனால்ட் வந்திடுவான், பிள்ளை!"

ஐந்தரைப் பஸ் வளைவில் தெரிந்தபோது மாமியும் நொண்டி நொண்டிப் பின்னால் வந்து சேர்ந்திருந்தார். ஜெயனி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு இரைத்தது.

"அப்பா எடுத்தவர். மடுவிலையிருந்து. அண்ணா வீட்டை வந்திட்டாரோ எண்டு கேக்கிறார். நேற்று மத்தியானமே வெளிக்கிட்டிட்டாராம், சாப்பிடவும் இல்லையாம்."

"நேற்று மத்தியானமோ?" பிரான்சிஸ்கா சிலுவை போட்டுக்கொண்டு மணலில் அப்படியே குந்திவிட்டார். "எங்கையெண்டு சொன்னவன்?"

"சொல்லேல்லையாம். இஞ்சைதான் வாறாரெண்டு அப்பா நினைச்சவராம்."

மடுவிலிருந்து ஓலைத்தொடுவாய் ஒரு பின்னேரப் பயணம். பதினாறு மணித்தியாலம் ஆகிவிட்டது. வெளிக்கிட்டவர்கள் வந்து சேராத கதை இந்த மூன்று பேருக்கும் புதிதில்லை. அதனால்தான் யாரும் அதை வாயால் சொல்லவில்லை. ஒருவேளை அவன் நேரே வெள்ளாங்குளத்துக்குப் போயிருக்கலாம். ஒருவேளை எங்குமே போகாமல் ஏதாவதொரு மீன்வாடியில் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். றெனால்ட் இரண்டுக்கும் ஏற்றவன்தான்.

"போகாதை பிள்ளை," என்றார் மாமி கீழே இருந்தபடி. "அவன் எங்கையெண்டு தெரியட்டும். நீயும் போனால் நான் என்ன செய்வன்?"

பஸ் வந்து நின்றது. சாரதி இயந்திரத்தை நிறுத்தவில்லை.

இங்கே நின்றால் இரண்டு மணி கழிந்துவிடும். போனால் அவன் வந்து பார்க்கும்போது அவள் இல்லை. பயந்துகொண்டேதான் ஏறினாள்.

"அண்ணா வந்தால் என்ன சொல்ல மச்சாள்?" என்று யன்னலுக்குக் கீழே நின்று கேட்டாள் ஜெயனி.

"ரெண்டு மணி எண்டு சொல்லு. அவருக்குத் தெரியும்."

கொண்டக்டர் சீட்டுப் புத்தகத்தை விரித்தபடி வந்தான்.

"எங்கை தங்கச்சி?"

"மன்னார். அங்கையிருந்து வெள்ளாங்குளம் போகோணும்."

"எத்தினை பேர்?"

அவள் வெளியே பார்த்தாள். மாமி எழும்ப முயன்றுகொண்டிருந்தார். ஜெயனி அவரைத் தூக்கக் குனிந்தாள். ரோட்டில் வேறு யாரும் வரவில்லை.

"ஒரு ஆள்," என்றாள்.